பொன்னேரி பக்கம் எந்த ஊர்? வடசென்னையிலிருந்து கிராமத்து முன்னோரைத் தேடும் முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பிறந்தவர்களிடம் சொந்த ஊர் கேட்டால் முதலில் "மெட்ராஸ்தான்" என்பார்கள். கொஞ்சம் பேசியபிறகு, "தாத்தா காலத்துல பொன்னேரி பக்கம்னு சொல்லுவாங்க" என்று வரும். அந்தப் "பக்கம்" என்ற சொல்லிலிருந்து ஒரு கிராமம், ஒரு சர்வே எண், ஒரு கைநாட்டு வரை போய்ச் சேரும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கொள்ளுத்தாத்தாவைத் தேடி முடிக்க மூன்று வருஷம் ஆனது. அதன்பின் உறவிலும் தெருவிலும் பலருக்குக் கூடவே அலைந்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கியது ஒரே இடத்தில்தான்: வெறும் பேரை வைத்துக்கொண்டு நேராக ஊருக்குப் பஸ் ஏறினார்கள். ஊருக்குப் போவது கடைசி வேலை. தேடலை உங்கள் வீட்டுப் பரணில் தொடங்குங்கள்.

1. தொடங்கும் முன்: ஒருவர், நான்கு கேள்விகள், ஒரு நோட்டு

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கிராமத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து, இங்கேயே இறந்தவராக இருந்தால் நல்லது. இரண்டு இடத்திலும் அவர் காகிதம் விட்டிருப்பார். பரம்பரை முழுவதையும் ஒரே நேரத்தில் தேடுகிறவர்கள் இரண்டு மாதத்தில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அவரைப் பற்றி நான்கு விஷயம் தெரிய வேண்டும்: அப்பா பேர், கிராமம், அந்தக் காலத்துத் தாலுக்கா, ஏறத்தாழ எந்த ஆண்டு. இவற்றில் மூன்றாவது கிடைக்கும்வரை எந்தக் கிராமத்து அலுவலகத்துக்கும் மனு எழுத வேண்டாம். "முனுசாமி, செங்கல்பட்டு ஜில்லா" என்று எழுதினால் யாராலும் தேடித்தர முடியாது.

ஒரு நீள நோட்டு வாங்கிப் பக்கத்துக்கு மூன்று பத்தி போடுங்கள்: தகவல், அதைச் சொன்ன ஆள் அல்லது காகிதம், நீங்கள் குறித்த தேதி. நடுப் பத்தியை நிரப்பாமல் எதையும் எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்து "இதை யார் சொன்னது?" என்று தெரியாவிட்டால் அந்தத் தகவல் பயன்படாது.

2. பெரியவர்களிடம் கேட்பது

"எந்த வருஷம் ஆயா?" என்று கேட்டால் "யாருக்கு நெனப்பு கீது" என்ற பதில்தான் வரும். வருஷத்தைக் கேட்காதீர்கள். அவர்கள் மறக்காத நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

வடசென்னைக்கு இப்படிச் சில நல்ல அடையாளங்கள் உண்டு. எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 1914 செப்டம்பர் 22. பெரம்பூர் மில் வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் 1921. சின்ன வயதில் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக இன்றைய ஆயாக்கள் இவற்றைச் சொல்வார்கள். அதுவே ஒரு கணக்குக்குப் போதும். பிற்காலத்துக்கு அண்ணா இறந்த 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உதவிய கேள்வி வேறு. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியானது. "அப்ப உங்க வீட்டுல எங்க போய்த் தங்கினாங்க?" என்று கேளுங்கள். உயிருக்குப் பயந்து ஓடும்போது மனிதர்கள் தங்களுக்குத் திண்ணை தரும் ஊருக்குத்தான் போவார்கள். என் அப்பாவின் அத்தை, அதுவரை "பொன்னேரி பக்கம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு, "ஏரிக்கரை மேலயே நடந்துகினு போனோம், எங்க நைனா என்னைத் தோள்ல தூக்கிக்கினாரு" என்றார். அதைத் தொடர்ந்து ஊர்ப்பேரும் வந்துவிட்டது.

குலதெய்வத்தையும் கேளுங்கள். நான்கு தலைமுறையாக ஊருக்கே போகாத குடும்பம்கூட, காதுகுத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போவது என்பதை மறப்பதில்லை. கோயில் இருக்கும் ஊரே சொந்த ஊராக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும்.

பெண்களிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ஆண்கள் சொத்தையும் சண்டையையும் நினைவில் வைத்திருப்பார்கள். யார் யாருக்குத் தாய்மாமன், எந்த ஊரிலிருந்து பெண் வந்தது என்ற கணக்கு பெண்களிடம்தான் இருக்கிறது.

தமிழ் வருஷத்தில் ஏமாறாதீர்கள். "ஈஸ்வர வருஷம் தை மாசம் கல்யாணம்" என்றால் பலர் 1937 என்று குறித்துவிடுகிறார்கள். ஈஸ்வர வருஷம் 1937 சித்திரையில் பிறந்தது. அதன் தை மாதம் வருவது 1938 ஜனவரியில். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பேர் திரும்ப வரும் என்பதால், நபரின் வயதோடு ஒத்துப் பார்த்தபிறகே ஆண்டை எழுதுங்கள்.

3. வீட்டுக்குள் தேடுவது

எல்லோரும் பத்திரத்தைத்தான் தேடுவார்கள். நீங்கள் முதலில் மொய் நோட்டை எடுங்கள். பழைய கல்யாண மொய் நோட்டில் ஒவ்வொரு பேருக்கு முன்னாலும் ஊர் இருக்கும். ஒரே ஊர்ப்பேர் பத்து வரியில் வந்தால் அங்கே உங்களுக்குப் பங்காளிகள் இருக்கிறார்கள் என்று பொருள்.

கருமாதிப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, பித்தளை அண்டாவின் கழுத்தில் புள்ளிபுள்ளியாக வெட்டிய பேர், பழைய ரேஷன் கார்டு, பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எங்கள் வீட்டில் முகவரி இருந்தது ஒரு பழைய பத்திரிகையின் பின்னால், பென்சிலில்.

கிழிந்த காகிதத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. சுத்தமான வெள்ளைத் தாளுக்கிடையில் வைத்தால் போதும்.

வீட்டில் கூப்பிடும் பேரும் காகிதப் பேரும் வேறாக இருப்பது சாதாரணம். முன்பிறந்த குழந்தைகள் தவறிய வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று வைப்பார்கள். பள்ளியில் சேரும்போது அது மாறியிருக்கலாம். பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கும் வழக்கமும் குழப்பும்: ஏழுமலை மகன் முனுசாமி, முனுசாமி மகன் ஏழுமலை, அவர் மகன் மறுபடி முனுசாமி. அதனால் எந்தப் பேரையும் அப்பா பேரோடு சேர்த்தே எழுதுங்கள்.

4. இறப்பிலிருந்து பின்னோக்கி

பிறப்புச் சான்றிலிருந்து தொடங்க நினைப்பது இயல்பு, ஆனால் தவறு. இறப்பு நமக்கு அருகில் இருக்கிறது, தகவல் சொன்னவரும் குடும்பத்து ஆள். பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பேரே இருக்காது. "ஆண் குழந்தை", அப்பா அம்மா பேர், தேதி, அவ்வளவுதான்.

மாநகராட்சியின் இணையத் தேடலுக்குச் சரியான தேதி வேண்டும். தேதி தெரியாவிட்டால், அல்லது பழைய காலத்து இறப்பு என்றால், மண்டல அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் மனு கொடுங்கள். ஒரு வருஷத்தை மட்டும் எழுதாமல் முன்னும் பின்னும் இரண்டு வருஷம் சேர்த்துக் கேளுங்கள். குடும்பம் நினைவில் வைத்திருக்கும் ஆண்டு பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷம் தள்ளியிருக்கும்.

இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், வாழ்ந்த இடத்தில் இல்லை. கொருக்குப்பேட்டைக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் வட்டத்தில் தேட வேண்டும். பெரியவர்கள் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றால் அது ஸ்டான்லி. இது தெரியாமல் ஒரு தம்பி கஞ்சித்தொட்டி என்ற பேரில் ஆஸ்பத்திரியைத் தேடிப் பல நாள் அலைந்திருக்கிறார்.

மூலக்கொத்தளம், ஓட்டேரி, காசிமேடு என்று எங்கே அடக்கம் நடந்தது என்பதையும் கேட்டு வையுங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் பங்கின் அடக்கப் பதிவேடு தனியாக இருக்கும். அதிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போகலாம். பெற்றோர் பேர், ஞானப் பெற்றோர் பேர், சில சமயம் ஊர்ப்பேர் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு அதே உதவியைச் செய்யும்.

5. வேலை பார்த்த இடம்

வடசென்னைக்கு வந்த கிராமத்து ஆட்களில் பெரும்பாலோர் மில், ரயில்வே, துறைமுகம், மாநகராட்சி என்ற இந்த நான்கில் ஒன்றின் வாசலைத் தொட்டிருப்பார்கள். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் அப்பா பேர், சொந்த ஊர், உடல் அடையாளம், பெருவிரல் ரேகை இருக்கும். ஊர்ப்பேரைத் தாலுக்காவோடு எழுதிய ஒரே காகிதம் பல குடும்பங்களுக்கு இதுதான்.

பெரம்பூர் ரயில்வே பணிமனை ஆளாக இருந்தால், 1951-க்கு முந்தைய காகிதங்களில் "எம் அண்டு எஸ்.எம்." என்றுதான் இருக்கும். மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா என்ற அந்த ரயில்வே 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தது. பெரம்பூரின் பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) மில் 1996-இல் மூடப்பட்டுவிட்டது. அதனால் மில் தொழிலாளி குடும்பங்கள் வீட்டில் இருக்கும் பி.எஃப். சீட்டு, டோக்கன் எண், சங்கச் சந்தா ரசீது ஆகியவற்றைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

அரசு வேலை என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்துக் கேளுங்கள். நீங்கள் யார் என்று காட்டாமல் கேட்டால் "மூன்றாம் நபர் தகவல்" என்று மறுத்துவிடுவார்கள்.

6. பழைய ஊரை இன்றைய வரைபடத்தில் வைப்பது

கிராமப் பேர் கிடைத்ததும் மகிழ்ச்சியில் ஓடாதீர்கள். அகரம், புதூர், மேட்டூர், நல்லூர் என்ற பேரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று பாருங்கள். தாலுக்காவோடு சேர்த்தால்தான் அது ஒரு ஊர்.

பழைய காகிதம் "செங்கல்பட்டு ஜில்லா" என்று சொல்லும். அது 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. இன்றுள்ள செங்கல்பட்டு மாவட்டம் 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. பொன்னேரித் தாத்தாவைச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். அவர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறார். வட ஆற்காடும் தென் ஆற்காடும் இப்படித்தான் பலவாகப் பிரிந்திருக்கின்றன.

1960 ஏப்ரல் 1-ஐயும் நினைவில் வையுங்கள். அன்று திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. அந்தப் பக்கத்துக் குடும்பமானால் பதிவேடு எல்லைக்கு அப்பால், தெலுங்கில் இருக்கலாம். படிக்கத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

அடுத்தது குக்கிராமமும் வருவாய்க் கிராமமும். உங்கள் ஆயா சொன்ன பேர் ஒரு குக்கிராமத்தின் பேராக இருக்கலாம். பதிவேடுகள் எல்லாம் அதைச் சேர்த்துக்கொண்ட வருவாய்க் கிராமத்தின் பேரில்தான் இருக்கும். தாலுக்கா அலுவலகத்தில் "இந்தக் குக்கிராமம் எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது?" என்று கேட்டு முடித்துக்கொண்டு மேலே போங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் ஒரு வருஷம் வீணானவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

7. நிலப் பதிவேடுகள்: இன்றிலிருந்து பின்னால்

இங்கே வரிசை முக்கியம். பழைய பதிவேட்டை நேராகக் கேட்டால் எண் தெரியாமல் தேட முடியாது. இன்றைய எண்ணைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும்.

முதல் படி, இன்றைய பட்டாவும், ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகச் சொல்லும் 'அ' பதிவேடும். அரசின் இ-சேவை தளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் ஊரில் மிஞ்சியிருக்கும் பங்காளியின் நிலத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் நிலம் அதன் பக்கத்து உட்பிரிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, யு.டி.ஆர். பதிவேடு. 1979 முதல் 1987 வரை மாநிலமெங்கும் நிலப்பதிவுகளைப் புதுப்பித்த திட்டம் அது. அந்த 'அ' பதிவேட்டில் பழைய சர்வே எண்ணுக்கென்று தனிப் பத்தி உண்டு. பழைய காலத்துக்குப் போகும் பாலம் அந்தப் பத்திதான். பட்டணத்துக்குப் போய்விட்டவர்களின் பேர் விட்டுப்போனதும், நிலத்தில் இருந்தவர் பேர் ஏறியதும் இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் நடந்தது. உங்கள் முன்னோர் பேர் இங்கே இல்லை என்பதால் அவருக்கு நிலமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாவது, அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடுகள். தாலுக்கா அல்லது ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் இருக்கும். அச்சிட்ட பழைய தொகுதிகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம், அதற்கு அனுமதி பெற வேண்டும். சர்வே எண், அதற்கும் முந்தைய பைமாஷ் (பழைய நில அளவை) எண், நஞ்சையா புஞ்சையா, தீர்வை, பட்டாதாரர் பேர் என்று வரிசையாக இருக்கும். வடசென்னைக்காரர்களுக்கு எழும்பூர் ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் கிராமம், தாலுக்கா, சர்வே எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பதிவேடுகளில் ஆண்டு, வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலியில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை.

'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம், ஆதிதிராவிடர் நிபந்தனை நிலம் என்று எழுதியிருந்தால் அது பஞ்சமி நிலம். 1892-இல் வந்த அரசாணையின்படி ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த ஒப்படைப்புக் காகிதம் கிடைத்தால், வேறு எங்குமே எழுதப்படாத ஒரு மனிதரின் பேர் அதில் இருக்கும். பழைய காகிதங்களில் சாதியை இழிவான சொல்லில் எழுதியிருப்பார்கள். படிக்கும்போது நெஞ்சு எரியும். ஆனாலும் நோட்டில் அப்படியே பிரதி எடுங்கள். அடுத்த பதிவேட்டில் அவரைக் கண்டுபிடிக்க அந்தச் சொல்லே தேவைப்படும்.

ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கணக்குத் தணிக்கை நாட்களில் கிராமக் கணக்குகள் எல்லாம் தாலுக்கா அலுவலகத்துக்கு வரும். பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில். மனு கொடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

8. சார்பதிவகமும் பத்திரம் படிக்கும் முறையும்

வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்ப்பது பொதுவாக 1975-க்குப் பிந்தைய காலத்துக்குத்தான் உதவும். அதற்கு முன்னால் போகச் சார்பதிவகத்தில் கையால் தேடச் சொல்லி மனு போட வேண்டும். அங்கே இரண்டு அட்டவணை உண்டு: ஒன்று ஆள் பேர் வாரியாக, இன்னொன்று சொத்து வாரியாக. இரண்டையும் கேளுங்கள். பேர் வாரி அட்டவணையில் எழுத்துப் பிழையால் தப்பியவர் சொத்து வாரி அட்டவணையில் சிக்குவார்.

அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள 1-ஆம் புத்தகத்தின் நகலை யாரும் கட்டணம் கட்டிக் கேட்கலாம். உயில் இருக்கும் 3-ஆம் புத்தகத்தின் நகலை, உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்கள் கேட்கலாம். இன்னொன்று, உங்கள் கிராமம் இன்று சேர்ந்திருக்கும் சார்பதிவகமும் 1930-இல் சேர்ந்திருந்ததும் வேறாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் விசாரியுங்கள்.

நகல் கிடைத்ததும் அவசரப்படாமல் படியுங்கள். ஆண்டைத் தமிழ் எண்ணில் எழுதியிருக்கலாம்: ௲௯௱௩௰௮ என்றால் 1938. தேதிக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵. இவற்றைவிட முக்கியமானது ௸ என்ற குறி. அது "மேற்படி". புதியவர்கள் அதை ஏதோ கிறுக்கல் என்று தாண்டிவிடுகிறார்கள். "௸ கிராமத்திலிருக்கும்" என்றால் முன்வரியில் சொன்ன கிராமம். அதை விட்டால் ஊரே கைநழுவிப் போகும்.

அளவு காணி, குழி என்று இருக்கும். செங்கல்பட்டுப் பக்கம் நூறு குழி ஒரு காணி, ஏறத்தாழ 1.32 ஏக்கர்.

சில சொற்கள் ஒரு தலைமுறையையே சொல்லிவிடும். "பிதுரார்ஜிதம்" என்றால் அப்பாவழி வந்தது, ஆக அவர் அப்பாவும் அங்கேதான் இருந்தார். "சுயார்ஜிதம்" என்றால் தானே சம்பாதித்தது. "மைனருக்குக் கார்டியன் தாயார்" என்று இருந்தால் பெரும்பாலும் அப்பா இறந்திருப்பார், இறப்பைத் தேட வேண்டிய காலம் தெரிந்துவிட்டது.

எந்தப் பத்திரத்தை முதலில் கேட்பது என்றால், கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினையும், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் மேல் என்பேன். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் வரிசையாக வருவார்கள். விடுதலைப் பத்திரத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள் கணவர் பேரோடும் வாழ்க்கைப்பட்ட ஊரோடும் வருவார்கள். என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தார் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் வாழ்ந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே சான்று, ஒரு விடுதலைப் பத்திரத்தின் அடியில் இருந்த இடதுகைப் பெருவிரல் ரேகை. மை அதிகமாகி ஒரு பக்கம் வழிந்திருந்தது. பக்கத்தில் எழுத்தர் அவர் பேரை எழுதி, "கைநாட்டு" என்று போட்டிருந்தார்.

9. நிலமே இல்லாதவராக இருந்தால்

வடசென்னைக்கு வந்தவர்களில் பலர் நிலம் இல்லாததால்தான் வந்தார்கள். அவர்களைத் தேடவும் வழி இருக்கிறது, சற்றுச் சுற்று.

முதலில் மற்றவர்களின் பத்திரத்தில் நான்கெல்லையைப் படியுங்கள். "இன்னார் வீட்டுக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு" என்ற வரியில் உங்கள் ஆள் எல்லையாக நிற்பார். சாட்சிக் கையெழுத்திலும் பாருங்கள்.

இரண்டாவது, நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம். வீட்டுமனைக்கு அந்தக் காலத்தில் பட்டா கிடையாது. பின்னால் நடந்த நத்தம் நிலவரித் திட்டப் பதிவேட்டில் அவர் பிள்ளைகளோ பங்காளிகளோ இருப்பார்கள்.

மூன்றாவது, ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பள்ளி பழையதாக இருந்தால் தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். பெற்றோர் பேர், தொழில், வசிப்பிடம் இருக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவுகளுக்கு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), தாலுக்கா அலுவலகம், சார்பதிவகம் மூன்றிலும் கேளுங்கள். 1980-இல் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்பட்டு வி.ஏ.ஓ. முறை வந்தது. அந்தக் கைமாற்றத்தில் எல்லாக் கட்டும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பழைய கணக்கப்பிள்ளை வீட்டாரிடமும் விசாரிப்பது வீண்போகாது.

"ரெக்கார்டு இல்லை" என்று வாயால் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். "என் கொள்ளுத்தாத்தா பற்றிய தகவல் தருக" என்று எழுதக்கூடாது. இன்ன கிராமம், இன்ன ஆண்டுகள், இன்ன பதிவேட்டைப் பார்வையிட அனுமதி தருக என்று எழுதுங்கள். தேடும் வேலையை அலுவலர் தலையில் வைத்தால் மறுப்பார். "நானே தேடிக்கொள்கிறேன்" என்றால் மறுப்பது கடினம்.

10. ஒன்றுக்கொன்று மோதும் தகவல்கள்

ஒரே ஆளுக்கு மூன்று பிறந்த தேதி வரும். எது நிகழ்ச்சிக்கு அருகில் எழுதப்பட்டதோ, எதை எழுதியவருக்கு அதனால் லாபமில்லையோ, அதற்கு எடை அதிகம்.

பள்ளித் தேதியைக் குறைவாகவே நம்புங்கள். வலது கையைத் தலைமேல் சுற்றி இடது காதைத் தொடச் சொல்லி, எட்டினால் வயது ஐந்து என்று எழுதிய காலம் அது. ஜூன் மாதத்தில் பிறந்ததாகப் பாதி வகுப்பு இருக்கும். வேலைக் காகிதத்திலும் ஓய்வு தள்ளிப்போக வயதைக் குறைத்திருக்கலாம்.

ஒத்துவராததை அடிக்காதீர்கள். இரண்டையும் எழுதி, சான்றையும் எழுதி வையுங்கள். நான் தவறு என்று அடித்த ஒரு பேர், கொள்ளுத்தாத்தாவின் கூப்பிடு பேர் என்று பிறகு தெரிந்தது.

11. ஊருக்குப் போகும் நாள்

அப்பா பேர், வருவாய்க் கிராமம், ஒரு சர்வே எண், ஒரு பங்காளி பேர் கையில் இருந்தால் போகலாம். ஞாயிறு வேண்டாம், வி.ஏ.ஓ. இருக்கமாட்டார். நடவு, அறுவடை நாட்களும் வேண்டாம், பேச ஆள் இருக்காது.

பட்டணத்திலிருந்து ஒருவர் நோட்டோடு வந்து "எங்க தாத்தா நிலம்" என்று ஆரம்பித்தால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். சொத்து கேட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நிலத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். முதலில் கோயிலுக்குப் போங்கள். கற்பூரம் ஏற்றிவிட்டு வெளியே வந்தாலே யாராவது "எந்த ஊரு, யார் வூடு?" என்று கேட்பார்கள். கொள்ளுத்தாத்தா பேரையும் அவர் அப்பா பேரையும் சொல்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியது பழைய போட்டோக்களின் பிரதிகள், செல்போனில் காட்டாமல் தாளில் அச்சிட்டவை. தாள் கைமாறும், திண்ணை திண்ணையாகப் போகும், பார்வை மங்கியவர்கள் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பார்கள். நான் கொண்டுபோன விடுதலைப் பத்திர நகலை ஒரு பெரியம்மா வாங்கி, எழுத்தை விட்டுவிட்டு அந்த ரேகையை மட்டும் விரலால் தடவினார். "இது எங்க மாமியாரோட மாமியார்" என்றார். அன்று சாயங்காலமே அவர் பேர், பிள்ளைகள் பேர், அவரைப் புதைத்த இடம் மூன்றும் என் நோட்டில் ஏறின. நடுப் பத்தியில் பெரியம்மாவின் பேரை எழுதினேன்.

திரும்பும் முன் நீங்கள் சேர்த்த எல்லாக் காகிதத்தின் நகலும் ஒரு கட்டு அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் போன் நம்பரையும் அதன் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.